தடை காத்த தாழி

மலையடிவாரத்தில் திராட்சை, மண்ணுக்குள் ஒயின், மாஸ்கோவில் சந்தை... ஜார்ஜியாவின் ககேதி எதை நம்பி வாழ்கிறது?

செப்டம்பர் மாத இரவு. குர்ஜானி ஊரையொட்டிய சாலையில் வண்டிகள் வரிசைகட்டி நிற்கின்றன. சோவியத் காலத்து லாரி, டிராக்டர் டிரெய்லர், பின்சீட்டைக் கழற்றிய வேன் என்று யாருக்கு எது கிடைத்ததோ அது. எல்லாவற்றிலும் திராட்சை. தார்ப்பாய்க்கு அடியிலிருந்து சாறு கசிந்து ரோட்டில் சொட்டுகிறது. விடிந்து வெயில் ஏறினால் குளவி மொய்த்துவிடும். ஒயின் ஆலையின் கேட்டில் ஓர் ஊழியர் நீளக் குழாயைச் சுமைக்குள் இறக்கிச் சாறு எடுக்கிறார். கருவியில் ஒரு சொட்டு விட்டு, சர்க்கரை எத்தனை சதவீதம் என்று பார்க்கிறார். அந்த எண் சரியாக இருந்தால் வண்டி உள்ளே போகும். இல்லையென்றால் பேரம், அல்லது ரிவர்ஸ் கியர். பறித்த திராட்சை பொறுக்காது. விற்கிறவருக்கு அது தெரியும். அவருக்குத் தெரியும் என்பது வாங்குகிறவருக்கும் தெரியும்.

இதே விவசாயியின் வீட்டுக் கொல்லையில் நடப்பது வேறு. நல்ல குலைகளை அவர் ஆலைக்கு அனுப்பவில்லை. அவற்றைத் தனியே எடுத்து வைத்து, குடைந்த மரத்தொட்டியில் கொட்டி, வீட்டுப் பிள்ளைகள் காலால் மிதிக்கிறார்கள். சாறும் தோலும் கொட்டையுமாகத் தரைக்குள் புதைத்த மண்தாழிக்குள் இறங்குகின்றன. அதை விற்கப் போவதில்லை. அது கல்யாணத்துக்கு, கருமாதிக்கு, பொங்கி வரும் உறவுக்கூட்டத்துக்கு.

ஆலைக்குப் போன திராட்சை பெரும்பாலும் ரஷ்யாவுக்குப் போகிறது. கொல்லைத் தாழியின் புகழோ டோக்கியோ, லண்டன், நியூயார்க் உணவகங்கள் வரை போயிருக்கிறது. ககேதியின் கதை இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது.

தமிழ்நாட்டில் ஜார்ஜியா என்றால் பல வீடுகளில் எம்.பி.பி.எஸ். ஞாபகம்தான் வரும். திபிலிசியின் மருத்துவக் கல்லூரிகளில் படிக்கும் இந்தியப் பிள்ளைகளில் நம் பிள்ளைகளும் உண்டு. அவர்கள் விடுமுறையில் சுற்றிப்பார்த்து அனுப்பும் போட்டோக்களில் தவறாமல் வருவது சிக்நாகி: கோட்டைச் சுவர் சூழ்ந்த மலையூர், கீழே முடிவில்லாத பச்சைச் சமவெளி. அந்தப் பச்சை முழுக்கத் திராட்சை. அந்தச் சமவெளிதான் ககேதி.

இரண்டு கரை, இரண்டு குணம்

வடக்கே பெருங்காகசஸ் மலைத்தொடர், மே மாதத்திலும் உச்சியில் பனியோடு நிற்கிறது. ரஷ்யப் பக்கத்துக் கடுங்குளிர் அதைத் தாண்டி எளிதில் இறங்காது. தெற்கே அதைவிடத் தாழ்ந்த கோம்போரி மலை. நடுவில் அலசானி ஆறு, தென்கிழக்காக அசர்பைஜானை நோக்கிப் போகிறது. கோடையில் நல்ல வெயில், குளிர்காலத்தில் உறையும் குளிர், இலையுதிர் காலத்தில் உலர்ந்த பகல்கள். திராட்சைக்கு வேறென்ன வேண்டும்!

ஆனால் ஆற்றின் இரு கரையும் ஒன்றல்ல. இடக்கரை, அதாவது க்வரேலி பக்கம், காகசஸின் மடியில் கிடக்கிறது. மழை கூடுதல், புழுக்கம் கூடுதல். மலையிலிருந்து சிற்றாறுகள் அடித்து வந்த கரும்பலகைக் கல் துண்டுகள் வயலெங்கும் சிதறிக்கிடக்கும். இங்கே சபெராவி என்ற கறுப்புத் திராட்சை நன்றாகப் பழுத்துச் சர்க்கரை ஏறிவிடும். பொதுவாகக் கறுப்புத் திராட்சையைப் பிழிந்தால் சாறு வெளுத்துத்தான் வரும், நிறமெல்லாம் தோலில்தான் இருக்கும். சபெராவி அப்படியல்ல. சதையே சிவப்பு. பறிக்கிறவரின் விரல் ஒரு வாரத்துக்கு வெளுக்காது.

வலக்கரையில் தெலாவி, சினந்தலி, முகுசானி, குர்ஜானி ஊர்கள் கோம்போரிச் சரிவில் அடுக்கடுக்காக உட்கார்ந்திருக்கின்றன. மழை குறைவு, காற்று உண்டு. வெள்ளைத் திராட்சையான ர்காட்சிதெலிக்கு இது பிறந்த வீடு மாதிரி. இன்னும் கிழக்கே இறங்கினால் மரமே இல்லாத புல்வெளி, கோதுமை வயல், ஆட்டுமந்தை. ஒரு மணி நேரக் கார்ப் பயணத்துக்குள் இத்தனை மாற்றம்.

பெட்டிச் செய்தி: ககேதி ஒரு பார்வை

பரப்பு சுமார் 11,000 சதுர கிலோமீட்டர். நிர்வாகத் தலைநகர் தெலாவி.
ஜார்ஜியாவின் திராட்சை விளைச்சலில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் இங்கிருந்துதான்.
நாடு முழுக்க 500-க்கும் மேற்பட்ட உள்நாட்டுத் திராட்சை ரகங்கள் பதிவாகியுள்ளன. வணிகத்தில் பெரும்பங்கு ர்காட்சிதெலிக்கும் சபெராவிக்கும்.
முகுசானி: சபெராவியில் செய்யும் இனிப்பில்லாத சிவப்பு ஒயின். ஓக் பீப்பாயில் ஊறும்.
சினந்தலி: ர்காட்சிதெலியும் ம்த்ஸ்வானேவும் கலந்த வெள்ளை. ஐரோப்பிய முறை.
கிண்ட்ஸ்மராவுலி: இடக்கரைச் சபெராவி. நொதிப்பைக் குளிரூட்டி நடுவில் நிறுத்துவதால் திராட்சையின் சொந்த இனிப்பு மிஞ்சும். ரஷ்யர்களின் செல்லம்.

மண்ணுக்குள் ஆறு மாதம்

தாழியின் பெயர் க்வெவ்ரி. நம் ஊர் அகழாய்வுகளில் கிடைக்கும் முதுமக்கள் தாழியை இன்னும் பெரிதாக்கி, அடியைக் கூராக்கினால் கிட்டத்தட்ட க்வெவ்ரி வந்துவிடும். சின்னது சில பத்து லிட்டர், பெரியது சில ஆயிரம் லிட்டர். கழுத்து மட்டும் தரைமட்டத்தில் தெரிய, உடல் முழுக்கப் பூமிக்குள். வீட்டில் இது இருக்கும் அறை மரானி. உள்ளே நுழைந்தால் ஒன்றும் இருக்காது. தரையில் வட்ட வட்டமாக மூடிகள். ஒயினெல்லாம் காலுக்கடியில்.

ர்த்வெலி எனப்படும் அறுவடை முடிந்ததும் வேலை தொடங்கும். ககேதி முறையின் விசேஷமே எதையும் வடிகட்டாமல் போடுவதுதான். தோல், கொட்டை, பழுத்த காம்பு எல்லாம் சாறோடு சேர்ந்து உள்ளே போகும். இந்தச் சக்கைக்கு சாச்சா என்று பெயர். ஈஸ்ட் தனியே சேர்ப்பதில்லை, தோலிலும் மரானியிலும் இருப்பதே போதும். ஓரிரு நாளில் கொதிப்பு தொடங்கும். சக்கை மேலே மிதந்து கெட்டித் தொப்பியாகக் கட்டிக்கொள்ளும். அதை ஒரு நாளில் பல தடவை நீளக் கழியால் உள்ளே அழுத்திவிட வேண்டும். விட்டுவிட்டால் மேல்பாகம் காய்ந்து புளித்துக் காடியாகிவிடும். அந்த நாட்களில் வீட்டில் யாராவது ஒருவர் ராத்திரி எழுந்து போய் அழுத்திவிட்டு வருவார்.

கொதிப்பு அடங்கினால் சக்கை தானாக அடியில் இறங்கும். தாழியின் கூர் அடிக்கு வேலை வருவது இங்கேதான். முதலில் கொட்டை போய் முனையில் தங்குகிறது. அதன்மேல் வண்டல், அதன்மேல் தோல் என்று படிவதால், கசப்பைக் கக்கும் கொட்டை ஒயினிலிருந்து ஒதுங்கிவிடுகிறது. எந்த மெஷினும் இல்லாமல் வடிவமே செய்யும் வடிகட்டல். சுற்றியுள்ள மண் வெப்பத்தை ஒரே சீராக வைத்திருக்கிறது. மூடியை வைத்து ஈரக்களிமண்ணால் அடைத்துவிட்டால், பிறகு வசந்தத்தில்தான் திறப்பு.

வெளியே வருவது வெள்ளைத் திராட்சையின் ஒயின், ஆனால் வெள்ளை இல்லை. தேன் நிறம், சில சமயம் செம்பு நிறம். தோலோடு ஆறு மாதம் ஊறியதால் நாக்கைப் பிடிக்கும் துவர்ப்பு இருக்கும். மென்மையான வெள்ளை ஒயினுக்குப் பழகியவர்கள் முதல் வாயில் முகம் சுளிப்பதில் ஆச்சரியமில்லை. வால்நட் அரைத்த கத்தரிக்காயோடும் சுட்ட ஆட்டிறைச்சியோடும் சேரும்போதுதான் அந்தத் துவர்ப்பின் நியாயம் பிடிபடும். எஞ்சிய சக்கையும் வீணாகாது. அதைக் காய்ச்சி இறக்கும் சாராயத்துக்கும் சாச்சா என்றே பெயர்.

கடினமான வேலை இனிமேல்தான். காலித் தாழியைக் கழுவ வேண்டும். செர்ரிமரப் பட்டைகளை அடுக்கிக் கழியில் கட்டிய பிரஷ், சாம்பல் நீர், பிறகு திரும்பத் திரும்பத் தண்ணீர். ஆள் இறங்கும் அளவு பெரிய தாழியென்றால் ஒருவர் உள்ளே இறங்கித் தேய்ப்பார். கடைசியாக ஊற்றிய தண்ணீர் குடிக்கிற மாதிரித் தெளிவாக வெளியே வரும்வரை கழுவல் ஓயாது. தாழி ஒயின் கெட்டுப்போனால் பெரும்பாலும் குற்றவாளி திராட்சை அல்ல, அரைகுறையாகக் கழுவிய தாழி.

8,000 ஆண்டும் ஒரு ஆணையும்

பழமை பற்றிச் சுருக்கமாக. திபிலிசிக்குத் தெற்கே சுமார் 50 கிலோமீட்டர் தொலைவில் உள்ள கதாச்ரிலி கோரா, ஷுலவேரிஸ் கோரா மேடுகளில் தோண்டிய பானை ஓடுகளில் திராட்சை ஒயினின் வேதித்தடயம் கிடைத்ததாக 2017-ல் ஆய்வு வெளியானது. காலம் கி.மு. 6000 முதல் 5800 வரை. அந்த மேடுகள் ககேதியில் இல்லை, பக்கத்து மாகாணத்தில் இருக்கின்றன. சுற்றுலாத் துண்டறிக்கைகள் இதைச் சொல்வதில்லை!

19-ம் நூற்றாண்டில் கவிஞரும் இளவரசருமான அலெக்சாண்டர் சவ்சவாட்ஸே சினந்தலியில் ஐரோப்பிய முறையைக் கொண்டுவந்தார். பீப்பாயும் பாட்டிலும் வந்தன. அவர் சேகரிப்பில் 1841-ம் ஆண்டுச் சபெராவி இன்றும் இருக்கிறது. பிறகு சோவியத். கூட்டுப்பண்ணை, பெரிய ஆலை, டன் கணக்கில் இலக்கு. எது அதிகம் காய்க்குமோ அது மட்டும் நடப்பட்டது, மற்ற ரகங்கள் வேலியோரத்துக்குப் போயின. 1985-ல் கோர்பச்சேவின் மதுவிலக்கு இயக்கம் வந்ததும் அதே அரசு அதே கொடிகளைப் பிடுங்கச் சொன்னது. இத்தனைக்கும் நடுவே தாழி உயிர்பிழைத்தது கொல்லையில்தான். ஆலைக் கணக்கில் வராததால் அதை யாரும் சீர்திருத்தவில்லை.

மாஸ்கோ கதவைச் சாத்தியபோது

சோவியத் உடைந்த பிறகும் ககேதி ஒயினுக்கு ஒரே பெரிய வாசல் ரஷ்யாதான். ஏற்றுமதியில் சுமார் ஐந்தில் நான்கு பங்கு அங்கே. அந்தச் சந்தை தரம் பார்க்கவில்லை. இனிப்பாக, சிவப்பாக, லேபிளில் ஜார்ஜியப் பெயரோடு இருந்தால் போதும். கிண்ட்ஸ்மராவுலி வட்டாரத்தில் விளைவதைவிட அந்தப் பெயரில் விற்றது பல மடங்கு அதிகம் என்பது ஊரறிந்த ரகசியம். சாயமும் சர்க்கரையும் கலந்த சரக்கு ரஷ்யாவிலேயே தயாரானது.

2006 மார்ச் இறுதியில் ரஷ்ய சுகாதாரக் கண்காணிப்பு அமைப்பு ஜார்ஜிய, மால்டோவா ஒயின்களுக்குத் தடை போட்டது. பூச்சிக்கொல்லி, கன உலோகம் என்று காரணம் சொன்னார்கள். மேற்கு நாடுகளை நோக்கி நகர்ந்த ஜார்ஜியாவுக்கான தண்டனை இது என்பதில் திபிலிசியில் யாருக்கும் சந்தேகமில்லை. அந்த இலையுதிர் காலத்தில் ககேதியில் திராட்சைக்கு விலையே இல்லை. ஆலைகள் கையை விரித்தன, பறிக்கும் கூலி கூடத் தேறாது என்று சிலர் கொடியிலேயே விட்டார்கள். அரசு தலையிட்டு மானிய விலைக்கு வாங்க வேண்டியதாயிற்று. அந்தப் பழக்கம் இன்றுவரை போகவில்லை.

ஆனால் அந்த அடியில்தான் இன்னொன்று பிறந்தது. ரஷ்யா வாங்கியதை லண்டனில் விற்க முடியாது. இனிப்புச் சிவப்பு ஒயினை உலகில் எத்தனையோ நாடுகள் இதைவிட மலிவாகச் செய்கின்றன. வேறு யாரிடமும் இல்லாதது என்ன என்று தேடியபோது கண்ணில் பட்டது கொல்லைத் தாழி.

அதற்கு முன்பே சிலர் தொடங்கியிருந்தார்கள். இத்தாலியின் ஒஸ்லாவியா ஊரைச் சேர்ந்த யோஸ்கோ கிராவ்னர் 2000-ல் ஜார்ஜியா வந்து பார்த்துவிட்டு, ஊருக்குப் போய்த் தன் நவீனத் தொட்டிகளை ஒதுக்கித் தாழிகளைப் புதைத்தார். ஜார்ஜியாவிலேயே இலக்கியத் துறையிலிருந்து வந்த சோலிகோ சாய்ஷ்விலி, நண்பர்களோடு ககேதியில் இயற்கை முறையில் தாழி ஒயின் செய்து பாட்டிலில் அடைத்தார். 2007-ல் அமெரிக்க ஓவியர் ஜான் வுர்ட்மனும் உள்ளூர்த் திராட்சை விவசாயி கேலா படாலிஷ்விலியும் சிக்நாகியில் ஓர் ஒயின் நிறுவனம் ஆரம்பித்தார்கள். அலவெர்தி மடத்துத் துறவிகளும் பாழடைந்த தங்கள் மரானியைச் செப்பனிட்டார்கள். வேலியோரத்துக்குப் போயிருந்த கிசி, கிக்வி போன்ற ரகங்கள் மறுபடி வரிசைக்கு வந்தன. மேலைநாட்டு உணவகங்களில் ‘ஆரஞ்சு ஒயின்’ என்று ஒரு புதுப் பட்டியலே உருவாகி, அதில் ககேதிக்குத் தாய்வீட்டு மரியாதை கிடைத்தது.

2013 டிசம்பரில் யுனெஸ்கோ க்வெவ்ரி ஒயின் முறையை மனிதகுலத்தின் மரபுச் செல்வப் பட்டியலில் சேர்த்தது. அதே 2013-ல், சில மாதங்களுக்கு முன்னால், ரஷ்யா தடையை நீக்கியிருந்தது.

பெட்டிச் செய்தி: வாசல் திறந்ததும் மூடியதும்

2006: ஜார்ஜிய ஒயினுக்கு ரஷ்யத் தடை. மே மாதம் போர்ஜோமி மினரல் வாட்டருக்கும்.
2008 ஆகஸ்ட்: ரஷ்யா, ஜார்ஜியா போர்.
2013: தடை நீக்கம்.
2018: சீனாவுடன் சுதந்திர வர்த்தக ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தது.
2019: திபிலிசியில் ரஷ்ய எதிர்ப்புப் போராட்டம். ஒயின் சோதனையைக் கடுமையாக்குவதாக ரஷ்யா அறிவிப்பு, நேரடி விமானங்களுக்குத் தடை.
2022: உக்ரைன் போர். முக்கிய வாடிக்கையாளரான உக்ரைன் சந்தை சரிவு.

மறுபடியும் அதே வரிசை

2022-ல் ஜார்ஜியா 10 கோடி லிட்டருக்கு மேல் ஒயின் ஏற்றுமதி செய்தது, 2023-ல் இன்னும் கூடுதல். எண்ணைக் கேட்டால் பெருமையாக இருக்கும். ஆனால் அதில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு ரஷ்யாவுக்கு. உக்ரைன் போருக்குப் பின் மேலை நாட்டு நிறுவனங்கள் ரஷ்யாவிலிருந்து வெளியேற, பக்கத்து வீட்டு ஜார்ஜிய ஒயினுக்கு அங்கே இடம் கூடியது. போகிற ஒயினும் ஸ்டீல் தொட்டியில் செய்தது. தாழி ஒயின் அதில் சிறு துளி.

இதை வெறும் பேராசை என்று சொல்லிவிட முடியாது. டோக்கியோ உணவகம் ஆண்டுக்குச் சில பெட்டிகள் வாங்கும், நல்ல விலை தரும், ஆனால் ககேதியின் மொத்தத் திராட்சையை அதனால் வாங்க முடியாது. 2020-ல் ஜார்ஜியாவின் அறுவடை 3 லட்சம் டன்னைத் தாண்டியது. அதை விழுங்கக்கூடிய வயிறு, பேச்சு புரியும் மொழி, பழகிய சுவை எல்லாம் மாஸ்கோவில்தான். ஆலை முதலாளியிடம் கேட்டால் லாரி இரண்டு நாளில் போய்ச் சேர்ந்துவிடும் என்பார். நாட்டின் ஐந்தில் ஒரு பங்கு நிலத்தில் ரஷ்யப் படை நிற்பது பற்றிக் கேட்டால் பேச்சை மாற்றுவார்.

விவசாயியின் நிலைதான் சிக்கல். பெரும்பாலான குடும்பங்களிடம் இருப்பது சிறு துண்டு நிலம். ஆலை சொல்வதுதான் விலை. ஆலைகள் தயங்கும் திராட்சையை அரசு நிறுவனம் அறிவித்த விலைக்கு எடுத்துக்கொள்கிறது. இதனால் அறுவடைக் கால விலை பொருளாதாரத்தைவிட அரசியலாகிவிட்டது. தேர்தல் ஆண்டில் கேட்கவே வேண்டாம். உறுதியான விலை கிடைப்பதால் கோதுமை நிலத்திலும் திராட்சை நடுகிறார்கள். கூடுதல் திராட்சை, கூடுதல் ஒயின், அதை விற்க மறுபடி ரஷ்யா. மானியம் விவசாயியைக் காப்பாற்றுகிறது, சார்பையும் சேர்த்தே காப்பாற்றுகிறது. 2006 தடை கொடுமையானதுதான். ஆனால் ககேதிக்குத் தன் கைச்சரக்கின் மதிப்பைத் தெரியவைத்தது அந்த ஏழு வருடப் பட்டினிதான் என்று இந்தக் கட்டுரையாளருக்குத் தோன்றுகிறது. இன்னொரு தடை வந்தால் தாங்குமா என்பது வேறு கேள்வி. அன்றைக்கு இருந்ததைவிட இன்று நிற்கும் கொடிகள் அதிகம், வாங்கியிருக்கும் கடனும் அதிகம்.

மேலே பார்த்தால் ஆலங்கட்டி

சந்தையைவிடப் பழைய பயம் ஒன்று இருக்கிறது. கோடைப் பிற்பகலில் காகசஸ் பக்கம் மேகம் கறுத்து மஞ்சளோடினால், ஊரே வாசலுக்கு வந்து அண்ணாந்து பார்க்கும். ஆலங்கட்டி மழை. பத்து நிமிடம் போதும், இலையும் காயும் கிழிந்து தரையில் கிடக்கும். அந்த வருட விளைச்சல் மட்டுமல்ல, அடிபட்ட தண்டிலிருந்து அடுத்த வருடம் வர வேண்டிய துளிரும் போச்சு. 2012 ஜூலையில் அடித்த புயல் தெலாவி வட்டாரத்தில் வீட்டுக் கூரைகளையும் தோட்டங்களையும் ஒன்றாகச் சாய்த்தது.

சோவியத் காலத்தில் மேகத்துக்குள் ராக்கெட் விட்டு ஆலங்கட்டியைக் கலைக்கும் ஏற்பாடு இருந்தது, பின்னர் கைவிட்டுப்போனது. 2015-ல் அதை ராடாரோடு மறுபடி கொண்டுவந்தார்கள். ராக்கெட் மேகத்தில் தூவும் வேதித்துகள் பெரிய கட்டிகளைப் பல சிறு கட்டிகளாக்கி, விழுவதற்குள் கரையவைக்கும் என்பது கணக்கு. முழுப் பாதுகாப்பு என்று யாரும் சொல்வதில்லை. 2014-ல் தொடங்கிய மானியப் பயிர்க் காப்பீடு அதற்கு அடுத்த வரிசைக் காவல்.

வெப்பம் ஏறுவது இன்னும் மெதுவான ஆபத்து. வெயில் கூடினால் திராட்சையில் சர்க்கரை முந்திக்கொள்ளும், புளிப்பு இறங்கிவிடும். ஒயினில் போதை ஏறும், உயிர் குறையும். புளிப்பை விடாமல் பிடித்துக்கொள்ளும் குணம் ர்காட்சிதெலிக்கும் சபெராவிக்கும் இயல்பிலேயே உண்டு என்பது ககேதியின் அதிர்ஷ்டம். ஆனால் கிழக்கு முனையின் வறண்ட நிலங்களில் பாசனமில்லாமல் புதுக் கொடி பிழைப்பது கஷ்டம். அலசானிக் கால்வாய்கள் சோவியத் காலத்தவை, பல இடங்களில் உடைந்து கிடந்து இப்போதுதான் ஒட்டுப்போடப்படுகின்றன.

தாழி செய்ய ஆள் எங்கே?

தாழி ஒயினுக்கு உலகம் கைதட்டுகிறது, தாழி செய்கிறவரை அவ்வளவாக யாரும் தேடவில்லை. ககேதியில் தெலாவியை ஒட்டிய வார்திசுபானி, மேற்கே இமெரெதி மாகாணத்தின் மகாத்துபானி, ஷ்ரோஷா என்று விரல்விட்டு எண்ணும் ஊர்களில்தான் இந்தத் தொழில் மிஞ்சியிருக்கிறது. அதிலும் சில குடும்பங்களில் மட்டும்.

சக்கரம் கிடையாது. களிமண்ணைக் கயிறு மாதிரித் திரித்து, வளையம் வளையமாக அடுக்கி, கையால் இழைத்துச் சுவரெழுப்ப வேண்டும். ஒரு நாளில் சில விரற்கடைதான் ஏறும். அது காய்ந்து தன் எடையைத் தாங்கும் பதம் வந்த பிறகே அடுத்த சுற்று. அவசரப்பட்டால் வயிறு சரிந்துவிடும். ஆளுயரத் தாழி நிமிரப் பல வாரங்கள் ஆகும். இதற்கிடையே ஏற்றிய மட்டம் முழுக்கக் காயாமலும் இருக்க வேண்டும், ஈரமாகவும் இருக்கக் கூடாது. அதைத் தடவிப்பார்த்தே சொல்வார்கள். பிறகு பல தாழிகளைச் சேர்த்துச் சூளையில் ஏற்றி, முகப்பைச் செங்கல் வைத்து அடைத்து, ஏறக்குறைய ஒரு வாரம் ராப்பகலாக விறகு போட வேண்டும். வெப்பம் 1,000 டிகிரியைத் தாண்டும். திறந்து பார்க்கும்போது விரிசல் விட்டிருந்தால் அத்தனை வாரமும் வீண். பிழைத்தவற்றுக்குச் சூடு ஆறுவதற்குள் உட்புறம் தேன்மெழுகு பூச வேண்டும். நுண்துளைகள் அடைபட வேண்டும், மூச்சு முழுக்க நின்றுவிடவும் கூடாது.

தாழி புதைத்துவிட்டால் பல தலைமுறை உழைக்கும் என்பதே இந்தத் தொழிலின் பழைய சாபம்; வாங்கியவர் திரும்ப வரமாட்டார். சோவியத் காலத்தில் வாங்கவே ஆளில்லாமல் பல சூளைகள் அணைந்தன. இப்போது நிலைமை தலைகீழ். இத்தாலியிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் ஆர்டர் வருகிறது, உள்ளூர்ச் சிறு தயாரிப்பாளர்களும் கேட்கிறார்கள், செய்யக் கை போதவில்லை. மகனுக்குத் திபிலிசியில் டெலிவரி வேலை சூளையைவிடச் சீக்கிரம் காசு தருகிறது. தொழில் தெரிந்த பெரியவர்கள் வெளியாட்களுக்கும் கற்றுக்கொடுக்கத் தொடங்கியிருக்கிறார்கள். கற்க வருகிறவர்களில் ஒயின் செய்கிறவர்கள்தான் அதிகம், குயவராக வாழ நினைப்பவர்கள் குறைவு. பெரிய தாழி வேண்டுமென்றால் முன்பணம் கட்டிவிட்டு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். ஸ்டீல் தொட்டியோ போன் போட்டால் அடுத்த வாரம் வாசலில் வந்து இறங்குகிறது.